மாநகராட்சி ஆகிவிட்டது, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

உங்கள் ஊர் நகராட்சி, மாநகராட்சி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்து குவிந்ததில் பெரும்பாலானவை சின்ன ஊர்களிலிருந்துதான். அதிலும் 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக்கப்பட்ட காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை பக்கத்துக் கடிதங்கள் நிறைய. அந்த நான்கோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் மாநகராட்சிகள் 25 ஆகிவிட்டன. குறை சொல்லி வந்த கடிதங்களில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கும் நீங்கள் அதே ஊரில்தானே இருந்தாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். நூறு நாள் வேலை போய்விட்டது, வீட்டு வரி ஏறும் என்கிறார்கள், கிராம சபையும் கிடையாதாம். எங்களுக்கு இதில் என்னதான் லாபம்?

பதில்: நியாயமான கோபம். நகரத்தின் பெயர்ப்பலகை மாறும்போது பட்டாசு வெடிப்பது ஊர் நடுவில், கணக்குப் பார்ப்பது ஊர் ஓரத்தில் இருப்பவர்கள். காரைக்குடியோடு கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் சேர்ந்தன. மற்ற மூன்று ஊர்களிலும் சுற்றியிருந்த ஊராட்சிகளைத்தான் இழுத்துச் சேர்த்தார்கள். அப்போது பல ஊர்களில் மறியலும் மனுவும் நடந்ததற்கு முதல் காரணம் நீங்கள் சொன்ன அதே நூறு நாள் வேலைதான். அது ஊரகப் பகுதிக்கான சட்டம், நகர எல்லைக்குள் வந்துவிட்டால் அட்டை செல்லாது. நகரத்துக்கென்று தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒன்றை 100 கோடி ரூபாயில் சோதனை முறையில், தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் தொடங்கினார்கள். ஆனால் கேட்டால் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற உரிமை அதில் இல்லை. ஆகவே, அது இதற்கு ஈடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிராம சபை விஷயம் இன்னும் முக்கியம், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் தலைவரை நேருக்கு நேர் நிறுத்தி, போர்வெல் செலவு எவ்வளவு என்று கேட்க முடிந்தது. நகரத்தில் அதற்குப் பதிலாக வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. பகுதி சபை முதன்முதலில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று நடந்தது. ஆனால் பல வார்டுகளில் அது நடப்பதே கவுன்சிலரின் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும், தெருமுனையில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டுவதில்லை. நீங்கள் கிராம சபையில் பேசிப் பழகியவர்கள், நகரத்துக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அடுத்த பகுதி சபை எந்தத் தேதி, எந்த இடம் என்று ஆணையருக்கு எழுதிக் கேளுங்கள், பத்து இருபது பேராகப் போய் உட்காருங்கள், பேசியதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. நகர மன்றமோ 2022 பிப்ரவரித் தேர்தலில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் ஓட்டுப் போட்டு வந்தது. அதாவது உங்கள் ஓட்டு அந்த மன்றத்தில் இல்லை. புது எல்லைக்கு வார்டு பிரிக்கும்போது வரைவுப் பட்டியல் போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். உங்கள் ஊரை இரண்டாக வெட்டி இரண்டு நகர வார்டுகளின் வாலில் ஒட்டிவிட்டால் ஐந்து வருடத்துக்கு உங்களுக்கென்று பேச ஆள் இருக்காது. வரியைவிட நான் இதற்குத்தான் பயப்படுவேன்.

கேள்வி: வீடு 1,180 சதுர அடி. வரி நோட்டீசில் 1,210 என்று போட்டிருக்கிறார்கள். முப்பது அடிதானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள்! அந்த முப்பது அடி சாதாரண முப்பது அடி இல்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று படி வைத்தார்கள். உங்கள் வீடு 50-இல் இருக்க வேண்டியது, 75-இல் போய் நிற்கிறது. அப்புறம் வரும் ஒவ்வோர் உயர்வும் இந்தத் தொகை மேல்தான் ஏறும். கட்டட அனுமதி வரைபடத்தின் நகலை வைத்து மறு அளவீடு கேட்டு, நோட்டீசில் இருக்கும் கெடுவுக்குள் மனு கொடுங்கள். பில் கலெக்டர் டேப்போடு வரும்போது வீட்டில் ஆள் இருங்கள், டேப்பின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள், அவர் எழுதிக்கொள்ளும் நீளம் அகலத்தை நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிட் அவுட்டையும் மாடிப்படியையும் எப்படிக் கணக்கில் எடுத்தார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், தப்பு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியைக் கட்டாமல் வைக்காதீர்கள், தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் போடுவார்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். தெரியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். 1,840 ரூபாய் வரிக்கு 92 ரூபாய் மிச்சம். இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம்.

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை. மாநகராட்சியில் கேட்டால் மின்வாரியம் என்கிறார்கள், மின்வாரியத்தில் கேட்டால் மாநகராட்சி என்கிறார்கள்.

பதில்: கம்பம் மின்வாரியத்தினுடையது, விளக்கு மாநகராட்சியினுடையது. தெரு முழுக்க இருட்டு என்றால் லைனில் கோளாறு இருக்கலாம், அது வாரியம். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மாநகராட்சி. கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துப் புகாரில் போடுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு" என்று எழுதினால் எந்தப் பிள்ளையார் கோயில் என்று தேடவே ஒரு வாரம் ஆகும்.

கேள்வி: மருமகளுக்குத் தலைப்பிரசவம் அவள் அம்மா வீட்டில், வேறு மாவட்டத்தில் நடந்தது. நாங்கள் இருக்கும் மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். பேரனுக்கு இன்னும் பெயரும் வைக்கவில்லை.

பதில்: அவர்கள் சொல்வது சரிதான் அம்மா, திட்டாதீர்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருக்கும் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் ஆஸ்பத்திரியே 21 நாளுக்குள் தகவல் கொடுத்துப் பதிந்திருக்கும். அந்தப் பதிவைத் தமிழ்நாட்டுக்கான பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்து நீங்கள் இருக்கும் ஊரிலேயே இறக்கிக்கொள்ளலாம், அதற்காகச் சம்பந்தி ஊருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டிலேயே பிறந்து யாரும் சொல்லாமல் விட்டிருந்தால்தான் சிக்கல். 30 நாள் வரை சின்னத் தாமதக் கட்டணம், அதற்கு மேல் அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டிவரும்.

பெயர் வைக்கவில்லை என்பது ஒரு பிரச்சினையே இல்லை. பெயர் இல்லாமலேயே பதிவு செய்யலாம், பிறகு 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 15 வயது வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பலர் தடுமாறுவது இன்னோர் இடத்தில். ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் மாற்றுவது லேசில் முடியாது. ஜாதகக்காரர் சொன்ன எழுத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், அப்புறம் எண் கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' கூடுதல் என்று நம் வீடுகளில் நடப்பது தெரியும்தானே? அதெல்லாம் முடிந்து, முன்னெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா என்று தீர்மானமான பிறகு போங்கள். அப்பா, அம்மா பெயர்கள் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் இருக்கட்டும். படிவத்தை ஆஸ்பத்திரி ஊழியரிடம் வாயால் சொல்லி எழுதச் சொல்லாமல் பையனையே எழுதச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்த ஒரு சான்றிதழ்தான், அதனால் ஓர் எழுத்துப் பிழை பதினெட்டு வருடம் கழித்தும் வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் பழைய ரோட்டுக்கு மேலேயே புது ரோடு போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகிறது. மழை பெய்தால் வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வருகிறது.

பதில்: பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும். அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021-இலேயே இதைச் சுற்றறிக்கையாகத் துறைகளுக்கு அனுப்பினார். சுற்றறிக்கை இருந்தும் ரோடு ஏறுகிறது என்றால் ஒன்று மதிப்பீட்டில் சுரண்டும் வேலையைச் சேர்க்கவே இல்லை, அல்லது சேர்த்துப் பணமும் எடுத்துவிட்டுச் சுரண்டாமல் போடுகிறார்கள். இரண்டில் எது என்று தெரியாமல் சண்டைக்குப் போனால் ஜூனியர் இன்ஜினியர் சுலபமாகச் சமாளித்து அனுப்பிவிடுவார்.

முதலில் அந்த ரோடு மாநகராட்சியினுடையதா நெடுஞ்சாலைத் துறையினுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் போகும் பெரிய ரோடுகள் பல நெடுஞ்சாலைத் துறையினுடையவை. தெரு என்றால் அநேகமாக மாநகராட்சிதான். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பணியின் மதிப்பீடு, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணி உத்தரவு, எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல் மூன்றையும் கேளுங்கள். ரோட்டின் நீளம், அகலம், கனம் என்று ஜூனியர் இன்ஜினியர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது, பில் பாஸ் ஆவது அதை வைத்துத்தான். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அந்தச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட சரக்கின் மாதிரியைச் சான்றொப்பத்தோடு எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ரோடு போடும் நாளில் வாசல்படிக்கும் பழைய ரோட்டுக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி, ஸ்கேலின் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். புது ரோடு போட்ட மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. இந்த இரண்டு போட்டோவுக்கு முன்னால் எம்.புக்கை வைத்தால் பேச்சு மாறும்.

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் மனு வாங்குவது, ஆய்வுக்கு வருவது, போனை எடுப்பது எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான். இது சரியா?

பதில்: சரியில்லை, சட்டப்படியும் கிடையாது. 2016-இலிருந்து தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. 2022-இல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. மாநகராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வருகிறது, அது அந்த அம்மாவின் பெயரில்தான் வருகிறது, வீட்டுக்காரர் பெயரில் இல்லை. மன்றக் கூட்டத்தில் வீட்டுக்காரர் உட்காரவும் முடியாது, கை தூக்கவும் முடியாது.

சரி, நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் வராவிட்டால் நாமே "அண்ணே" என்று அவருக்குத்தான் போன் போடுகிறோம், போஸ்டரில் அவர் படத்தைப் பெரிதாகவும் அந்த அம்மா படத்தை மூலையிலும் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறோம். மனுவை அந்த அம்மா பெயருக்கு எழுதி அவர் கையிலேயே கொடுங்கள், பகுதி சபையில் கேள்வியை அவரைப் பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தால் "கவுன்சிலர் சொல்லட்டுங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இதைப் பெண்கள் சேர்ந்து சொன்னால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: இன்னும் பாதாள சாக்கடை வரவில்லை, செப்டிக் டேங்க்தான். லாரிக்காரர் குழாய் விட்டு உறிஞ்சியும் அடியில் கெட்டியாகக் கசடு நிற்கிறது. ஆள் இறங்கி அள்ளினால் 2,000 ரூபாய் கூடுதல் என்கிறார். இறக்கலாமா?

பதில்: கூடாது. எவ்வளவு கொடுத்தாலும், அவரே இறங்குகிறேன் என்றாலும், முகமூடி கட்டிக்கொண்டாலும் கூடாது. டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும், இரண்டு மூச்சில் ஆள் மயங்கிவிடுவார், தூக்கப் போன இரண்டாவது ஆளும் உள்ளேயே விழுவார். செய்தித்தாளில் வரும் இந்தச் சாவுகள் பல ஜோடியாகவோ மூன்றாகவோ வருவது அதனால்தான். 2013 சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது, இறக்கிய வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது.

கெட்டிக் கசடுக்கு வழி இருக்கிறது. லாரிக்காரரிடம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கலக்கிவிட்டு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள், இன்னொரு நடை ஆனாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் இவ்வளவு இறுகியிருக்காது, நாம்தான் நிரம்பி வழிந்தால்தான் போன் செய்கிறோம். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் துளசி மாடமும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து மூடி திறக்கிற மாதிரி இருக்கட்டும். உள்ளாட்சியில் உரிமம் வாங்கிய லாரியா என்று கேளுங்கள், உரிமம் இல்லாதவர் உங்கள் வீட்டிலிருந்து எடுத்ததை ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க் கண்மாயில் கொட்டிவிட்டுப் போவார். 14420 என்று இதற்கென்றே ஓர் உதவி எண் இருக்கிறது.

கேள்வி: தெருநாய்த் தொல்லை தாங்கவில்லை. பிடித்துக்கொண்டு போய் வேறு எங்காவது விடச் சொன்னால் மாநகராட்சியில் முடியாது என்கிறார்கள்.

பதில்: முடியாதுதான். 2023 விதிகளின்படி பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். வெறிபிடித்ததையும் மூர்க்கமாகக் கடிப்பதையும் திருப்பி விட வேண்டியதில்லை என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வளாகங்களில் பிடித்ததை அங்கேயே மறுபடி விடக் கூடாது என்றும் சொன்னது. அதனால் "நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெரு, காது வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, கடித்தது எது, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று எழுதிக் கொடுங்கள்.

கடித்துவிட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். சீட்டில் எழுதிக் கொடுத்த தேதிகளில் அத்தனையையும் போட்டு முடியுங்கள்.

கேள்வி: எங்கள் நகரில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் கருவேல முள்ளாகக் கிடக்கிறது. நாங்களே பணம் போட்டுச் சரி செய்யலாம் என்று இருக்கிறோம். மாநகராட்சி ஏதாவது தருமா?

பதில்: தரும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 6 லட்சம் ரூபாய் வேலைக்கு உங்கள் பங்கு 2 லட்சம். குளம், ஊருணி தூர்வாரினால் மட்டும் பாதிக்குப் பாதி. நலச் சங்கம் மூலம் ஆணையருக்கு மனு கொடுத்து, இன்ஜினியரை வரவழைத்து மதிப்பீடு போட்டு வாங்குங்கள்.

ஆனால் வசூலைத் தொடங்குமுன் ஒரு வேலை. அந்த இடத்தை மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா என்று பாருங்கள். வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்கா என்று காட்டிவிட்டுப் பத்திரம் பண்ணாமலேயே வைத்திருந்து, மனை விலை ஏறியதும் அதையும் பிளாட்டாக விற்ற கதைகள் நிறைய. இடம் உங்கள் நகர் ஊராட்சியாக இருந்த காலத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் பத்திரம் பழைய உள்ளாட்சியின் பெயரில் இருக்கும், அந்தக் கோப்பு மாநகராட்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் உண்டியல் குலுக்கலாம்.